கோழிக்கிறுக்கல் ஃபோல்டரில் 4,312 கடிதங்கள்

3 பிப்ரவரி 2025, திங்கள்

பதினெட்டு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இனி எழுதப்போகிறேன். பேசினால் சண்டை வருகிறது. எழுதினால் எதிரே ஆள் இருக்காது.

நான் இயற்பியலில் எம்.எஸ்சி., எம்.ஃபில். கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பம்பு கம்பெனியின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். ஐந்நூற்றுச் சொச்சம் பேரின் மெயில் என் கை வழியாகத்தான் போய் வருகிறது. போகாத அன்றைக்கு மட்டும் நான் இருப்பது அவர்களுக்கு ஞாபகம் வரும். வயது ஐம்பத்திரண்டு.

எனக்கு ஒரு பட்டியல் உண்டு. முதலிடத்தில் சம்பத்குமார். 2007 பிப்ரவரியில் எனக்கு வரவேண்டிய கணினிப் பிரிவுத் தலைவர் பதவி அவருக்குப் போயிற்று. வெறும் டிப்ளமோ. இன்று அவர் பொது மேலாளர். இரண்டாமிடத்தில், வாடிக்கையாளர் புகார்களைக் கேட்கும் தமிழ் சேவைப் பிரிவின் அம்சவேணி. அதே வருடம் என்மேல் எழுத்தில் புகார் கொடுத்தவர். மூன்றாமிடம் கேன்டீன் மாஸ்டர், டீயில் சர்க்கரைக்காக. நான்காமிடம் என் மைத்துனர். அவர் விஷயத்தை ஆரம்பித்தால் நோட்டு போதாது.

இன்று காலை சம்பத்குமார் கூப்பிட்டார்.

"உட்காருங்க சார். மார்ச்சுல புது சர்வருக்குப் போறோமில்லீங்களா, அதுக்கு முன்னால ரெண்டு வேலை இருக்குது. சர்வீஸ் மெயில் வர்ற பொது ஃபோல்டர் இருக்குதுல்ல? அதுல வருசத்துக்கு எத்தனை தமிழ் மெயில் வருதுன்னு ஒரு எண்ணிக்கை வேணும்."

"ரெண்டாவது?"

"அதுக்குள்ள 'கோழிக்கிறுக்கல்'னு ஒண்ணு வச்சிருக்காங்க. பூராவும் குப்பை. அழிச்சுடுங்க, புது சர்வருக்கு அதைய வேற எதுக்குச் சுமக்கோணும்?"

பிறகு குரலைத் தாழ்த்திக் காரணம் சொன்னார். தமிழ் சேவைப் பிரிவை மூடப்போகிறார்கள். அம்சவேணியோடு சேர்த்து ஆறு பேர். வேலையை வெளியூரில் ஒரு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டால் அவர்கள் இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் பார்த்துக்கொள்வார்களாம். இருபத்தெட்டாம் தேதி முதலாளியம்மா முன்னால் கூட்டம்.

"தமிழ்ல யாருங்க இப்ப மெயில் எழுதறாங்க? மெயிலே வராத பிரிவுல இருந்து மாசம் நூத்துக்கணக்குல வெளிய போன் போகுது. யாருக்குன்னே தெரியல. ஊர்க்கதை பேசறாங்களாட்ட இருக்குது."

வெளியே வந்தபோது நான் சீட்டி அடித்ததாகக் காவலாளி சொன்னார். என் பட்டியலில் இரண்டாமிடம் காலியாகப் போகிறது. டீயில்கூட இன்று சர்க்கரை சரியாக இருந்தது.

4 பிப்ரவரி, செவ்வாய்

எண்ணிக்கை எடுத்தேன். சேவை முகவரிக்கு வரும் மெயில் தனி ஆளின் பெட்டிக்குப் போகாது. பிரிவில் இருக்கும் ஆறு பேரும் திறக்கக்கூடிய பொது ஃபோல்டரில் விழும். போன வருடம் விழுந்தவற்றில் தமிழ் எழுத்து உள்ளவை முப்பத்தேழு. அறிக்கையை அனுப்பிவிட்டேன். நான்கே நிமிட வேலை.

வீட்டில் சுகுணா கேட்டாள்: "என்னங்க, மொகம் பளிச்சுன்னு இருக்குது. யாராச்சும் கீழ வுழுந்துட்டாங்களா?"

மனைவிமார்களிடம் எதையும் விளக்கக் கூடாது.

5 பிப்ரவரி, புதன்

பெயின்ட் பிரிவில் எலி கேபிளைக் கடித்துவிட்டது. மாற்றினேன்.

6 பிப்ரவரி, வியாழன்

அழிப்பதற்கு முன்னால் அளவு பார்க்கலாம் என்று கோழிக்கிறுக்கலைத் திறந்தேன். 4,312 மெயில்கள்.

எந்த மெயிலைத் திறந்தாலும் ஒரே காட்சி. தலையில் சாய்ந்த கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், அப்புறம் கால், அரை, முக்கால் என்று பின்னங்கள். மறுபடி ஏ, மறுபடி ஆர். பக்கம் பக்கமாக இப்படியே. நடுநடுவே மட்டும் தெளிவாக எண்கள் இருந்தன. 5 HP என்று ஒன்றில், பத்து இலக்கத்தில் கைப்பேசி எண் இன்னொன்றில்.

இரண்டு விஷயம் உறுத்துகிறது. இவை தானாக இங்கே வந்து சேரவில்லை. 4,312-ஐயும் யாரோ ஒவ்வொன்றாகக் கையால் நகர்த்தியிருக்கிறார்கள். மேலும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு குறிப்புச்சீட்டு ஒட்டியிருக்கிறது. ஆங்கில எழுத்தில் 'பேசியாச்சு', பக்கத்தில் தேதி.

யாரோடு பேசினார்கள்?

அழிக்கவில்லை. இடப் பிரச்சினை எதுவும் இல்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

7 பிப்ரவரி, வெள்ளி

தொலைபேசிப் பிரிவிலிருந்து அம்சவேணி பிரிவின் வெளியழைப்புப் பட்டியலை வாங்கினேன். ஊர்க்கதை பேசுகிறார்களா என்று பார்க்கத்தான். அந்த எண்களையும் கிறுக்கல் மெயில்களுக்குள் இருக்கும் எண்களையும் ஒப்பிட ஒரு சிறிய நிரல் எழுதி ஓட விட்டுவிட்டுக் கேன்டீன் போனேன்.

திரும்பி வந்தால் எல்லாம் பொருந்தியிருந்தது. கிறுக்கலாக ஒரு மெயில் வந்திருக்கிறது. அதில் எழுத்து புரியவில்லை, எண் மட்டும் புரிகிறது. அந்த எண்ணைக் கூப்பிட்டிருக்கிறார்கள், வேலை முடியும்வரை நாலைந்து தடவை. 'நீங்க என்னங்க எழுதுனீங்க' என்று கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. பதினெட்டு வருடமாக.

டீ ஆறிவிட்டது. சர்க்கரையைக் கவனிக்கவில்லை.

8 பிப்ரவரி, சனி

புரியாதவர்களுக்காக ஒரு பத்தி எழுதுகிறேன்.

மெயில் என்பது உள்ளே வெறும் எண்களின் வரிசை. எந்த எண் எந்த எழுத்து என்று சொல்கிற அட்டவணைக்கு எழுத்துத் தொகுதி என்று பெயர். எந்த அட்டவணைப்படி எழுதப்பட்டது என்பதை மெயில் தன் தலைப்பிலேயே சொல்லிவிட வேண்டும். எங்கள் இணையதளப் புகார்ப் படிவத்திலிருந்தும் டீலர்களின் பழைய மென்பொருளிலிருந்தும் வருகிற மெயில்கள் அதைச் சொல்வதில்லை. அப்படி வந்தால் தனிப்பெட்டியில் அவரவர் வைத்த அமைப்புப்படி தமிழ் சரியாகவே தெரியும். பொது ஃபோல்டர் யாருக்கும் சொந்தமில்லை. அதனால் அதை உருவாக்கிய நாளில் என்ன இயல்பமைப்பு வைத்தார்களோ அதையே பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் காட்டும். அங்கிருந்து தனிப்பெட்டிக்கு அனுப்பினாலும் கிறுக்கலாகவே போகும்.

எங்கள் பொது ஃபோல்டரின் இயல்பமைப்பு 'மேற்கத்திய' எழுத்துத் தொகுதி, அதில் தமிழே கிடையாது. யாரும் எதையும் தேர்ந்தெடுக்காமல் 'அடுத்து, அடுத்து' என்று அழுத்திக்கொண்டே போனால் விழுவது அதுதான்.

ஒரு பயம் இருந்தது. உள்ளே வரும்போதே சர்வர் மாற்றி எழுதியிருந்தால் தமிழ் மொத்தமாகப் போயிருக்கும். ஒரு மெயிலின் மூலத்தை எடுத்துப் பார்த்தேன். அப்படியே இருந்தது, ஒரு எண்கூடக் குறையாமல். சோதனை ஃபோல்டர் ஒன்று உருவாக்கி, இயல்பமைப்பை எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு என்று வைத்து, அந்த மெயிலின் நகலைப் போட்டேன். திறந்தேன்.

"ஐயா, உங்கள் 5 HP மோட்டார் ஓடுகிறதா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. சத்தமே இல்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் மோட்டார் போட்டால் காங்கேயம் வரைக்கும் கேட்கிறது. அவர் தண்ணீர் பாய்ச்சுவது ஊருக்கே தெரிகிறது. நான் பாய்ச்சுவது எனக்கே தெரியவில்லை. கொஞ்சம் சத்தம் வருகிற மாதிரி செய்து தர முடியுமா?"

நான் சிரிக்கவில்லை. இருமினேன்.

அந்த அமைப்பை யார் வைத்தார்கள் என்று பதிவேட்டில் பார்க்கலாம். பார்க்கவில்லை. நேரமாகிவிட்டது.

9 பிப்ரவரி, ஞாயிறு

பூண்டு உரித்தேன். ஒரு கிலோ. சுகுணா கேட்கவே இல்லை, நானாகத்தான்.

11 பிப்ரவரி, செவ்வாய்

அம்சவேணியின் பிரிவுக்குப் போனேன். பதினெட்டு வருடத்தில் முதல் முறை. கேபிள் சரிபார்க்க என்று சொல்லிக்கொண்டு போனேன்.

அவருக்கு நாற்பத்தெட்டு வயதிருக்கும். தலையில் ஹெட்போன், கையில் முறுக்கு. யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார்: "இல்லீங்கண்ணா, ஸ்டார்ட்டரைத் தொடாதீங்க. குச்சியில கூடத் தொடாதீங்க. நம்ம ஆளு மத்தியானம் வந்துருவாரு. ஆமாங்க, சாப்பாடு வேண்டாங்க, அவரு வூட்ல இருந்து கொண்டாருவாரு."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அட, வாங்க சார்! வழி தெரிஞ்சுதுங்களா?"

இதைக் குத்தல் என்று எடுத்துக்கொள்வதா வரவேற்பு என்று எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் கேபிளைப் பார்த்தேன். பிறகு, "இந்தக் கிறுக்கல் மெயிலை எல்லாம் எதுக்கு வச்சிருக்கீங்க?" என்றேன்.

"எவ்வளவு பேரு உக்காந்து தட்டியிருக்காங்க. எப்பிடிங்க அழிக்கறது? என்னைக்காச்சும் படிக்கலாம்னுதான். நம்பர் போட்டிருக்கறவங்களைக் கூப்ட்டுக் கேட்டுக்குவோம். நம்பர் இல்லாததுதான் கஷ்டம்."

"அது எத்தனை?"

"அறுபத்தொண்ணு." யோசிக்காமல் சொன்னார். "அந்த அறுபத்தொரு பேருக்கு என்ன ஆச்சோன்னு அப்பப்ப நெனைப்பு வரும்."

அவர் கணினியில் சோதனை ஃபோல்டரைத் திறந்து காட்டினேன். சத்தமில்லா மோட்டார்க்காரர் கடிதம் வந்தது. இரண்டு வரி படித்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏய், எல்லாரும் வாங்க! காங்கேயத்துக்காரரு! இவருகிட்ட நான் முக்கா மணி நேரம் பேசினேனுங்க சார். கடைசில 'ஒரு மணி வாங்கிக் கட்டிக்கோங்கண்ணா'ன்னு சொன்னேன். நெசமாலுமே கட்டிட்டாரு!"

ஐந்து பேரும் வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். முறுக்குத் தூள் சட்டையில் விழுந்தது. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிரிவை மூடப்போவதைப் பற்றி அவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியுமுங்க," என்றார் அம்சவேணி. "முப்பத்தேழு மெயிலாமா. யாரோ எண்ணிக் குடுத்திருக்காங்க."

நான் மறுபடி கேபிளைப் பார்த்தேன்.

14 பிப்ரவரி, வெள்ளி

மொத்த ஃபோல்டரின் இயல்பமைப்பையும் மாற்றினேன். சேவைப் பிரிவில் மதியம் சாப்பாட்டு நேரத்தில் உரக்கப் படிக்கிறார்கள். சரியாகத் தெரிகிறதா என்று பார்க்கவேண்டும் அல்லவா, ஆகவே நானும் தூக்குப் போசியை அங்கே கொண்டுபோகிறேன்.

கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஓர் அம்மாள்: "மோட்டாருக்கு வருடம் ஒரு தடவை இலவச சர்வீஸ் என்று அட்டையில் போட்டிருக்கிறீர்கள். வீட்டுக்காரருக்கும் அப்படி ஏதாவது இருந்தால் தெரிவிக்கவும்."

பல்லடத்திலிருந்து ஒருவர்: "டீலர் ஏழரை HP போடச் சொல்கிறார். ஏழரை வீட்டுக்குள் வரக்கூடாது என்று அம்மா வாசலில் நிற்கிறார். ஏழேமுக்கால் இருந்தால் அனுப்பவும்."

"அவருக்குப் பத்து போட்டுக் குடுத்தோமுங்க," என்றார் அம்சவேணி. "தண்ணி பத்து மடங்கு வருதுன்னு அந்தம்மா எனக்கு ஒரு வாழைத்தாரே அனுப்பிச்சாங்க."

வீட்டில் சுகுணா, "என்ன பாட்டு முணுமுணுக்கறீங்க?" என்றாள். பாட்டு எதுவும் இல்லை.

17 பிப்ரவரி, திங்கள்

2010-க்கு முந்தைய மெயில்கள் இன்னும் கிறுக்கலாகவே இருக்கின்றன, இப்போது வேறு மாதிரிக் கிறுக்கல். அந்தக் காலத்து டீலர்கள் பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டியவை. அவற்றின் அட்டவணையே வேறு. ஒரு ஃபோல்டருக்கு ஒரு இயல்பமைப்புதான் வைக்க முடியும். ஆகவே பழையவற்றுக்குத் தனி ஃபோல்டர். அதற்கு அந்தக் காலத்து அட்டவணையைத் தேடி எடுத்து எழுத்து எழுத்தாகச் சேர்க்க வேண்டும். மூன்று நாள் வேலை. யாரும் செய்யச் சொல்லவில்லை.

20 பிப்ரவரி, வியாழன்

முடிந்தது. பழையவையும் படிக்க முடிகிறது.

எண் இல்லாத அறுபத்தொருவருக்கும் அம்சவேணி பதில் எழுத ஆரம்பித்துவிட்டார். நாற்பது முகவரிகள் செத்துவிட்டன, திரும்பி வந்தன. 2013-இல் எழுதிய அவிநாசிக்காரர் ஒருவரிடமிருந்து ஒரு மணி நேரத்தில் பதில்: "வால்வு பற்றிக் கேட்டிருந்தேன். கிணறு வற்றி, போர் போட்டு, போரும் வற்றி, போன மழையில் கிணறே நிரம்பிவிட்டது. இப்போது அதே வால்வு மறுபடி ஒழுகுகிறது. சரியான நேரத்தில் பதில் போட்டீர்கள்."

சேவைப் பிரிவே மேசையைத் தட்டிச் சிரித்தது. நானும் தட்டினேன் என்று சொல்கிறார்கள்.

22 பிப்ரவரி, சனி

கேன்டீனில் சம்பத்குமார் நிறுத்தினார். "கிறுக்கலை அழிச்சாச்சுங்களா சார்?"

"கூட்டத்துல சொல்றேங்க."

"அழிச்சாச்சா இல்லையான்னு சொல்றதுக்கு எதுக்குங்க கூட்டம்?"

மாஸ்டர் டீயை நீட்டினார். வாங்கிக்கொண்டு நடந்துவிட்டேன். சர்க்கரை அதிகம்.

25 பிப்ரவரி, செவ்வாய்

கூட்டத்தில் அம்சவேணி பேசப்போகிறார். நான் திரையில் காட்ட வேண்டும். எப்படி நடந்தது, யார் வைத்த அமைப்பு என்று நிச்சயம் கேட்பார்கள். எல்லோரும் ஸ்டீபன்ராஜைத்தான் சொல்கிறார்கள். அப்போது சர்வர் ஒப்பந்தக்காரர், இப்போது கனடாவில் இருக்கிறார். இங்கே அவருக்காகப் பேச யாரும் இல்லை.

இன்று பதிவேட்டைத் திறந்தேன். திறக்காமலே எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். எட்டாம் தேதியே தெரியும்.

பொது ஃபோல்டர் உருவாக்கிய நாள்: 12 பிப்ரவரி 2007. ஆரம்பித்தது 4.10. முடிந்தது 4.21. உருவாக்கியவர் பெயர் என்னுடையது.

அன்று மூன்றரை மணிக்குத்தான் பதவி சம்பத்குமாருக்கு என்று அறிவித்தார்கள். வந்து உட்கார்ந்து பதினோரு நிமிடத்தில் எல்லாவற்றுக்கும் 'அடுத்து' அழுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மற்ற ஃபோல்டர்களுக்கு எழுத்துத் தொகுதியை நானே ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்திருக்கிறேன். இது ஒன்றைத் தவிர.

அம்சவேணியின் புகாரை இத்தனை வருடமாக வீட்டுக் கோப்பில் வைத்திருக்கிறேன். ஆதாரத்துக்கு. இன்று எடுத்துப் படித்தேன். என்மேல் புகார் என்று அதில் ஒரு சொல்கூட இல்லை. "என் சொந்தப் பெட்டியில் தமிழ் சரியாக வருகிறது. பொது ஃபோல்டரில் மட்டும் கிறுக்கலாக வருகிறது. அந்த ஃபோல்டரைப் பார்க்கச் சொல்லவும்." இவ்வளவுதான். நோயின் பெயரைத் தவிர எல்லாவற்றையும் சரியாகச் சொல்லியிருக்கிறார். கீழே என் பதில்: "தமிழில் எழுதாமலிருந்தால் பிரச்சினை தீரும்."

சுகுணாவிடம் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இதையா இத்தன நாளா பத்திரமா வச்சிருந்தீங்க?" என்றாள். கோபமாக இல்லை.

26 பிப்ரவரி, புதன்

சிவராத்திரி. கோயிலில் கூட்டம். ஸ்டீபன்ராஜ் ஒருநாள் எனக்கு வடை வாங்கிக் கொடுத்தது ஞாபகம் வந்தது.

28 பிப்ரவரி, வெள்ளி

கூட்டம்.

முதலாளியம்மா தலைமை. எழுபது வயது. மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருப்பார். சம்பத்குமார் ஆரம்பித்தார். முப்பத்தேழு மெயில், மாதம் நூற்றுக்கணக்கில் வெளியழைப்பு, ஆறு பேர் எதற்கு என்று.

அம்சவேணி எழுந்தார். "எங்களுக்கு மெயில் வருதுங்கம்மா. நெறைய வருது. படிக்கத்தான் முடியாம இருந்துது. சார் காட்டுவாருங்க."

நான் திரையில் ஃபோல்டரைத் திறந்தேன். போன வருடம் மட்டும் நானூற்றுப் பதினாறு.

"முப்பத்தேழுன்னு எழுதிக் குடுத்தது நீங்கதானே சார்?" என்றார் சம்பத்குமார்.

"ஆமாங்க. தப்பா எண்ணிட்டேன். படிக்க முடிஞ்சதை மட்டும் எண்ணினேன்."

"சரி, ஒண்ணைப் படிங்க, கேப்போம்," என்றார் முதலாளியம்மா.

தற்செயலாக ஒன்றைத் திறந்தேன். (தேடும் பெட்டியில் 'மாமனார்' என்று தட்டித் தேடியதைத் தற்செயல் என்று சொல்லலாமா என்று சுகுணா கேட்கிறாள்.) 2019-ஆம் வருடம், சத்தியமங்கலத்திலிருந்து காளியண்ணன் என்பவர் எழுதியது:

"உங்கள் கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கும் சம்பத்குமாரின் மாமனார் நான். மோட்டார் நின்று ஆறு நாளாகிறது. மாப்பிள்ளையிடம் சொன்னால் 'மீட்டிங்கில் இருக்கிறேன் மாமா' என்கிறார். ஆறு நாளாக அப்படி என்ன மீட்டிங் என்று தெரியவில்லை. அவருக்குத் தெரியாமல் ஒரு ஆளை அனுப்பி வைக்கவும்."

முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றினார். தோள் குலுங்கியது. அப்புறம் அடக்க முடியாமல் வாய்விட்டே சிரித்துவிட்டார். சம்பத்குமார் சிவந்துபோய், "ஏனுங்க அம்சவேணி, ஆள் போச்சுங்களா?" என்று கேட்டார்.

"மறுநாளே போச்சுங்க சார். உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னு அவரு சத்தியம் வாங்கிட்டாரு."

"அந்த மோட்டாரு தானா ஓட ஆரம்பிச்சுதுன்னு இந்த நாள் வரைக்கும் சொல்லிட்டிருக்காரு எங்க மாமா!"

அவரும் சிரித்தார். பதினெட்டு வருடத்தில் அவர் சிரிப்பதை நான் நேராகப் பார்த்ததில்லை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

முதலாளியம்மா கேட்டார்: "இத்தன வருசம் இது எப்படிப் படிக்க முடியாமப் போச்சு? யாரு வச்சது இப்பிடி?"

சம்பத்குமார் எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு, "அந்த ஸ்டீபன்ராஜாத்தாங்கம்மா இருக்கும். காண்ட்ராக்டர். கனடா போயிட்டான்," என்றார்.

வாய் திறக்காமல் இருந்தாலே போதும். எனக்கு அதில் நல்ல பயிற்சி உண்டு.

"இல்லீங்கம்மா," என்றேன். "நான் வச்சது. 2007 பிப்ரவரி பன்னெண்டாந்தேதி. அம்சவேணியம்மா அப்பவே எழுதிக் குடுத்தாங்க. நான் பாக்கல."

சம்பத்குமார் தேதியைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு மெதுவாக, "அன்னைக்குத்தானே எனக்கு அந்த போஸ்ட்டு..." என்றார்.

"ஆமாங்க."

"நானா இருந்தா அன்னைக்கு சர்வரையே கழட்டி வீதியில வீசியிருப்பனுங்க சார்."

டிப்ளமோ படித்தவரிடம் இப்படி ஒரு வாக்கியத்தை நான் எதிர்பார்க்கவில்லை.

முதலாளியம்மா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "பிரிவு இருக்கட்டும். ஆறு பேரும் இருக்கட்டும். சம்பத்து, நீ இன்னைக்கே உங்க மாமனாருக்குப் போன் பண்ணு." பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க இனிமே எண்ணறதுக்கு முன்னால படிங்க," என்றார்.

வெளியே நடையில் அம்சவேணி என்னைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குங்க சார் சொன்னீங்க? நான் சொல்லாமத்தானே இருந்தேன்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"அப்பவே தெரியுமுங்க. ஃபோல்டர் மேல சொடுக்கினா 'உருவாக்கியவர்'னு உங்க பேரு வருமே. நீங்க அன்னைக்கு நடையில போனப்ப மொகத்தைப் பாத்தேன். மறுக்கா மேல போய்ச் சொன்னா உங்களை இன்னும் நோகடிப்பாங்கன்னு வுட்டுட்டேன். நம்பருதான் தெரியுதே, கூப்ட்டுக்கலாம்னு."

அவரே தொடர்ந்தார்: "நல்லதுக்குத்தான் போச்சுங்க. படிக்க முடிஞ்சிருந்தா 'உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது'ன்னு எல்லாருக்கும் ஒரே பதிலைத் தட்டி அனுப்பிச்சிருப்போம். இப்ப சத்தி, தாராபுரம், அந்தியூரு, எங்க போனாலும் எனக்கு ஒரு வாய் காபி இருக்குது."

தவறுக்கு இப்படி வக்காலத்து வாங்குவதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். மன்னிப்பு கேட்டேன். மூன்று சொற்கள். அவர் முறுக்கு கொடுத்தார்.

1 மார்ச், சனி

புது சர்வருக்கான குறிப்பை எழுதி அம்சவேணியிடம் காட்டினேன். பொது ஃபோல்டர்களுக்கு இயல்பமைப்பு யூனிகோடு. பழைய கடிதங்களின் ஃபோல்டருக்கு மட்டும் பழைய அட்டவணை. தலைப்பில் எழுத்துத் தொகுதி சொல்லாத மெயில் வந்தால் என்ன செய்வது. ஒன்பது வரி, ஒரு சொல் மிகையில்லை.

படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "சார், இது ராக்கெட்டு வுடறதுக்கு எழுதின மாதிரி இருக்குதுங்க. நாளைக்கு உங்க சீட்டுக்கு வேற ஒருத்தர் வருவாரு. அவருக்கும் ஒரு கெட்ட நாள் வரும். அன்னைக்கு 'அடுத்து'ன்னு அமுத்தறதுக்கு முன்னால ஒரு நிமிசம் கை நிக்கோணும். இந்த ஒம்பது வரியப் படிச்சா நிக்குமுங்களா? நடந்ததை எழுதி அந்த ஃபோல்டர்லயே போட்டு வைங்க."

நடந்தது இந்த நோட்டில்தான் இருக்கிறது. மதியம் முழுக்க உட்கார்ந்து இதைத் தட்டினேன். சம்பத்குமாரைப் பற்றி முதல் நாள் எழுதியதை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். எடுக்கவில்லை, அவர் படித்தது டிப்ளமோதான். என் பதில் கடிதத்தையும் எடுக்கவில்லை. மைத்துனர் பற்றிய வரியை சுகுணா எடுக்கச் சொன்னாள். அதையும் எடுக்கவில்லை.

கடைசியில் பெயரைத் தட்டினேன், பட்டங்களோடு. திரையில் பார்க்க நன்றாகவே இருந்தது. என் பெயர் எங்காவது வர வேண்டும் என்றுதான் இத்தனை வருடமும் பொருமிக்கொண்டிருந்தேன். பதிவேட்டில் அது வந்தேதான் இருந்திருக்கிறது. அதைப் பார்த்த ஒரே ஆள் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். அந்த மரியாதைக்குப் பக்கத்தில் எம்.ஃபில். என்று எழுதி வைக்கக் கை வரவில்லை.

இந்தக் கம்பெனியில் இந்த வேலையைச் செய்கிறவன் நான் ஒருவன்தான். முதல் பக்கத்தைப் படிக்கிற எவருக்கும் யார் என்று தெரிந்துவிடும். தெரியட்டும். பெயரை அழித்துவிட்டேன். எழுத்துத் தொகுதி சரிதானா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டேன். கையெழுத்தில்லாமலே இதைப் பொது ஃபோல்டரில் போடப்போகிறேன்.